கஞ்சிப் பானையும் கல்லறைச் சுவரும்

கிறிஸ்துமஸ் எப்போதோ ஊர்ப் பொதுவாகிவிட்டது. டிசம்பர் பிறந்தால் பேக்கரிக்காரருக்குத் தெரியும், ஜவுளிக்கடைக்குத் தெரியும், பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஈஸ்டர் அப்படியில்லை. நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம், முதலூர் என்று தூத்துக்குடி மாவட்டத்தில் கோயில் கோபுரத்தை வைத்தே அடையாளம் சொல்லப்படும் ஊர்களில்கூட, பெரிய வெள்ளியன்று கடை அடைத்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியூர்க்காரர் "ஓ, ஈஸ்டரா?" என்பார். முயலும் சாயம் பூசிய முட்டையும் சென்னை, பெங்களூருப் பெரிய பேக்கரிகள்வரை வந்தாயிற்று. அங்கிருந்து தெற்கே இன்னும் பஸ் ஏறவில்லை. ஏறாமலே இருந்தால் நல்லது. வியாபாரம் அதிகம் தொடாத பெரிய பண்டிகையாக இது மிஞ்சியிருப்பதால்தான், ஒரு சிற்றூர்ச் சபை தன் ஆட்களை எப்படி நடத்துகிறது என்பதை இந்த நாட்களில் மறைப்பில்லாமல் பார்க்க முடிகிறது.

தேதியிலிருந்தே தொடங்கலாம். கிறிஸ்துமசுக்கு நாள் மாறாது. ஈஸ்டருக்கு நிலாவைப் பார்க்க வேண்டும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. அதனால் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் விழும். 2024-ல் மார்ச் 31, 2025-ல் ஏப்ரல் 20, 2026-ல் ஏப்ரல் 5. நிலாக் கணக்கு என்பதால் பல ஆண்டுகளில் பங்குனி உத்திரத்துக்கு அண்டை வீட்டுக்காரனாகவே வருகிறது. குலதெய்வக் கோயிலுக்குப் போகிறவர்களும் பெரிய வெள்ளிக்கு ஊர் திரும்புகிறவர்களும் ஒரே திருச்செந்தூர் ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டு வருவதைத் தென்மாவட்டம் பார்த்துப் பழகியிருக்கிறது. 2026-ல் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சாம்பல் புதனும் ரமலான் நோன்பின் தொடக்கமும் ஒரே வாரத்தில் வந்தன. ஒரே கடைவீதியில் இரண்டு சமூகங்கள் ஒரே நேரத்தில் வயிற்றைக் கட்டிக்கொண்டு நடந்தன. கூடவே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகள். லெந்துக்கால ஜெபங்களில் பாதி, பிள்ளைகளின் மார்க்குக்காக ஏறெடுக்கப்படுபவை என்பதை எந்தக் குருவானவரும் ஒத்துக்கொள்வார்.

சி.எஸ்.ஐ.க்காரர்கள் 'லெந்து' என்பதைக் கத்தோலிக்கர்கள் 'தவக்காலம்' என்கிறார்கள். இவர்களுக்குப் பெரிய வெள்ளி, அவர்களுக்குப் புனித வெள்ளி. இவர்கள் 'கூட்டம்' என்றால் அவர்களுக்கு 'அன்பியம்'. சொல் இரண்டாக இருந்தாலும் நடப்பது ஏறத்தாழ ஒன்றுதான். சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமைவரை எண்ணினால் 46 நாள். இடையில் வரும் ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது. இந்த நாட்களில் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் சாம்பல் புதனுக்கு முந்திய வாரங்களில் மண்டபம் கிடைக்காது. சில வீடுகளில் இறைச்சி நின்றுபோகும், சிலர் பூ வைக்க மாட்டார்கள், சிலர் காப்பியை விடுவார்கள். காப்பியை விட்டவர் மனுஷரிடம் எரிந்து விழுவதைப் பார்த்து, "நீங்க காப்பியைக் குடிச்சே தொலைங்க அண்ணாச்சி, கர்த்தர் மன்னிப்பாரு" என்று சொல்லும் மயினிமார்களும் எல்லா ஊரிலும் உண்டு.

விரதத்தைவிடச் சபையை அதிகம் பிணைப்பது வீட்டுக் கூட்டம். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு வீடு. மறுவாரம் வேறு வீடு. முறை வைத்துத் தெருத் தெருவாகப் போவார்கள். கூட்டம் நடக்கும் வீட்டில் காலையிலிருந்தே பரபரப்பு. பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல், எதிர் வீட்டில் பாய் இரவல், கட்டிலைத் தூக்கி முற்றத்தில் போடுவது, சுண்டலுக்குக் கொண்டைக்கடலை ஊறப் போடுவது. பாட்டு, வேதபாடம், ஜெபம் எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடியும். அதற்குப் பிறகு காகிதக் கப்பில் தேநீரோடு நடக்கும் அரைமணி நேரப் பேச்சில்தான் யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, யார் மகன் துபாயில் வேலை போய் நிற்கிறான், யார் வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது என்பது சபைக்குத் தெரியவரும். பெண்கள் ஐக்கியச் சங்கத்தின் பிடியரிசி எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று முடிவாவதும் பெரும்பாலும் அங்கேதான். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஒதுக்கிவைத்துக் கோயிலுக்குக் கொடுக்கும் அந்தப் பழக்கம், தென்மாவட்டச் சபைகளை நூறாண்டுக்கும் மேலாகத் தாங்கிவந்திருக்கிறது.

இந்த முறையில் ஒரு வீடு விடுபடுகிறதா என்பதைக் கவனித்தால் ஊரின் கதை தெரிந்துவிடும். கடைசித் தெருவில் சிமெண்டு ஓடு போட்ட அந்த வீட்டுக்குக் கூட்டம் போகிறதா? போனால், அங்கே கொடுக்கும் தேநீரை எத்தனை பேர் குடிக்கிறார்கள்? 'சர்க்கரை இருக்கு, வேண்டாம்' என்று சொல்கிறவர்களின் எண்ணிக்கை அந்த வீட்டில் மட்டும் ஏன் கூடுகிறது?

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள், கோயில் முற்றத்தில் ஓலை வந்து இறங்கும். எருசலேமில் பிடித்தது பேரீச்சை ஓலை என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் தென்னங்குருத்து. தூத்துக்குடியின் தேரி மணல் ஊர்களில் பனங்குருத்துதான். அது பதநீர்க் காலமும்கூட என்பதால் பனையேறிக்கு மரத்தைவிட்டு இறங்க நேரமிருக்காது. ஆனாலும் கோயிலுக்குக் குருத்து வெட்டிக் கொடுக்கத் தவற மாட்டார். அந்த வட்டாரத்துத் திருச்சபையே பனையடியில் வளர்ந்தது. 1799-ல் டேவிட் சுந்தரானந்தம் என்ற உபதேசியார், துன்புறுத்தப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்காக நிலம் வாங்கிக் குடியமர்த்திய ஊருக்கு, முதல் ஊர் என்பதால் 'முதலூர்' என்று பெயர் வந்தது. இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் மற்ற ஊர்க்காரர்களுக்குத் தேங்காய்ப் பால் மஸ்கோத் அல்வாதான் நினைவுக்கு வரும். அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஓலையில் சிலுவை முடையத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். முன்பு எட்டு வயதுப் பிள்ளைக்கும் கை வரும். இப்போது சபைக்கு நாலைந்து பாட்டிமார் மிஞ்சியிருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அவர்களைச் சுற்றி ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து, மடக்கி, இழுத்து, கிழித்து, மறுபடியும் மடக்கிக் கற்றுக்கொள்வதைப் பார்த்தால், பிரசங்கத்தால் செய்ய முடியாத ஒன்றை ஓலை செய்துகொண்டிருப்பது தெரியும். மறுநாள் பவனியில் பிடித்த ஓலை வீட்டுக்கு வந்து கதவு நிலையில் செருகப்படும். ஒரு வருடம் காய்ந்து கிடக்கும். கத்தோலிக்கக் கோயில்களில் அதைத் திரும்ப வாங்கி எரித்து, அந்தச் சாம்பலை அடுத்த தவக்காலத்தின் முதல் புதனன்று நெற்றியில் இடுவார்கள்.

பெரிய வியாழன் இரவு பாதம் கழுவும் சடங்கு. பன்னிரண்டு பேரை உட்காரவைத்துக் குருவானவர் கால் கழுவித் துடைப்பார். நெடுங்காலம் கத்தோலிக்க விதிப்படி இந்தப் பன்னிரண்டு பேரும் ஆண்களாக இருக்க வேண்டும். 2016 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த விதியை மாற்றி, பெண்களும் சிறுவர்களும் நோயாளிகளும் உட்காரலாம் என்றாக்கினார். அவரே சிறைக்குப் போய்க் கைதிகளின் பாதங்களைக் கழுவியவர். 2025-ல் ஈஸ்டருக்கு மறுநாள்தான் இறந்துபோனார். ரோமில் விதி மாறிப் பத்தாண்டு ஆகியும், சிற்றூர்களில் அந்தப் பன்னிரண்டு நாற்காலி பல இடங்களில் கமிட்டிப் பெரியவர்களுக்கும் நன்கொடை தந்தவர்களுக்கும் போகிறது. வாரத்துக்கு ஆறு நாள் கோயிலைப் பெருக்கித் துடைக்கும் பெண்ணின் காலைக் கழுவ ஒருவருக்கும் தோன்றாதது விந்தைதான்.

பெரிய வெள்ளி வேறு மாதிரி நாள். பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை, ஏப்ரல் வெயிலில், மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க முடியாதவர்கள் ஜன்னலோரம் சாய்ந்திருக்க, மும்மணி தியானம் நடக்கும். பீடத்தில் கறுப்புத் துணி. பெண்கள் பெரும்பாலும் வெள்ளைச் சேலையில், நகையில்லாமல். சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் பேசுவது பல சி.எஸ்.ஐ. சபைகளின் வழக்கம். அதில் ஒன்றிரண்டு குருவானவருக்கு, மற்றவை சபையாருக்கு. தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒரு வார்த்தை, ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒரு வார்த்தை, காலேஜ் படிக்கும் பையன் ஒரு வார்த்தை. 'தாகமாயிருக்கிறேன்' என்ற வார்த்தை கிடைத்தவர், மின்வெட்டு நேரத்தில் அதைப் பற்றி இருபது நிமிடம் பேசினால் சபை முழுக்க ஒப்புக்கொடுத்துக் கேட்கும். வருடம் முழுவதும் பிரசங்க மேடைக்குக் கீழேயே இருக்கும் ஆட்களுக்கு மேடை கிடைக்கும் நாள் அது. அதற்காகவே அந்த மூன்று மணி நேரத்தைக் குறைக்கக் கூடாது.

கோயிலுக்குப் பின்புறம் இன்னொரு ஆராதனை நடந்துகொண்டிருக்கும். கஞ்சி.

காலை எட்டு மணிக்கே அண்டா ஏறிவிடும். மூன்று கல் அடுப்பு, பனை மட்டையும் கருவேல விறகும். பச்சரிசியா புழுங்கலரிசியா, பயறு சேர்ப்பதா தனியாக வேகவைப்பதா, தேங்காய்ப் பாலைக் கடைசியில் ஊற்றுவதா பாதியிலா என்பதில் ஊருக்கு ஊர் சட்டம் உண்டு. மீறினால் சபை பிளவுபடும் அளவுக்குக் காரசாரமான விவாதம் நடக்கும். தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல் அல்லது காணத்துவையல், எலுமிச்சை ஊறுகாய், சுட்ட அப்பளம். துடுப்பு போடுவது ஆண்கள், தேங்காய் துருவுவது பெண்கள், தண்ணீர் சுமப்பது வாலிபர் சங்கம். உள்ளே ஆறாவது வார்த்தை நடக்கும்போது வெளியே கஞ்சி பதமாகியிருக்க வேண்டும். அடிபிடித்தால் அடுத்த ஈஸ்டர்வரை பேச்சு வரும். முன்பெல்லாம் பனையோலைப் பட்டையில் ஊற்றுவார்கள். ஓலையின் வாசனை கஞ்சியில் இறங்கும். இப்போது எவர்சில்வர் டம்ளர், காகிதக் கப்.

மூன்று மணிக்கு ஆராதனை முடிந்து, பட்டினியோடு வெளியே வரும் கூட்டத்துக்கு நிழலில் வரிசை. இங்கே தட்டு இல்லை, கறித்துண்டு இல்லை, யாருக்கு எத்தனை துண்டு என்ற கணக்கு இல்லை. தென்மாவட்டங்களின் அசன விருந்துகளில் ஆட்டுக்கறிக் குழம்போடு நடக்கும் பந்தியில்கூட முதல் பந்தி, கடைசிப் பந்தி என்ற மறைமுக வரிசை உண்டு. கஞ்சியில் அது கிடையாது. கார் வைத்திருப்பவரும், டிவிஎஸ் எக்செல்லில் மீன் விற்பவரும் ஒரே வாளியிலிருந்து வாங்கி, ஒரே வேப்பமரத்தடியில் ஊதிக் குடிக்கிறார்கள். கோயில் மதிலுக்கு வெளியே நிற்கும் ஆட்டோக்காரருக்கும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் முதியவருக்கும் ஒரு பையன் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். அவர்கள் எந்த மதம் என்று கேட்பதில்லை.

உயிர்ப்பைப் பற்றிச் சுவிசேஷங்கள் சொல்லும் கதைகளிலும் சாப்பாடு நிறைய வருகிறது என்பது கவனிக்கத் தக்கது. எம்மாவூருக்குப் போன இரண்டு சீடர்கள் வழியெல்லாம் கூட நடந்தவரை அடையாளம் தெரியாமல், பந்தியில் அப்பத்தைப் பிட்டபோதுதான் கண்டுகொண்டார்கள். கலிலேயாக் கடற்கரையில் கரியடுப்பு மூட்டி, மீன் சுட்டுவைத்து, இராமுழுக்க வலைவீசிச் சோர்ந்து வந்தவர்களைக் காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதாக யோவான் எழுதுகிறார். மணப்பாட்டிலும் உவரியிலும் இடிந்தகரையிலும் இருக்கும் கடலோடிகளுக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 2025-ல் வந்ததுபோல் ஈஸ்டர் பிந்தி வந்தால், படகில் கூலிக்குப் போகும் வீடுகளில் பண்டிகை கையைக் கடித்துக்கொண்டுதான் நடக்கும். அப்போது சபைக் கஞ்சிக்கு அர்த்தமே வேறு.

2020-ல் பெரிய வெள்ளி ஏப்ரல் 10. ஊரடங்கு. அண்டா கோயில் ஸ்டோர் ரூமில் கவிழ்ந்து கிடந்தது. குருவானவர் காலி பெஞ்சுகளைப் பார்த்துப் பேச, சபை கைபேசியில் பார்த்தது. அன்று பழகிய நேரலையைப் பல கோயில்கள் விடவில்லை. படுக்கையில் கிடக்கும் பெரியவருக்கும் மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகளுக்கும் அது வரப்பிரசாதம்தான். ஆனால், நடமாட முடிந்தவர்களும் அதையே வசதியாக்கிக்கொண்டார்கள். கஞ்சியை நேரலையில் அனுப்ப முடியாது என்பது ஒன்றே இப்போதைக்கு ஆறுதல்.

கத்தோலிக்கக் கிராமங்களில் ஊரைச் சேர்த்துவைக்கும் இந்த வேலையைப் 'பாஸ்கு' செய்கிறது. மணப்பாறை, திண்டுக்கல் பக்கத்து ஊர்களில் இயேசுவின் பாடுகளை இராமுழுக்க நாடகமாகப் போடுவார்கள். இயேசுவாக வருகிறவர் விரதம் இருப்பார். யூதாசாக வருகிறவருக்கு வருடம் முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகளார் 1965-ல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், தவக்காலத் திருப்பாடுகளின் காட்சியைப் பெருங்கூட்டத்தோடு மேடையேற்றும் வழக்கத்தை அங்கே நிலைநிறுத்தியது. ஆடை தைப்பவர், தாடி ஒட்டுபவர், லைட் பிடிப்பவர் என்று ஒரு ஊரே வேலை செய்யும்போது பிறக்கும் நெருக்கம், ஞாயிறுதோறும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாலும் பிறப்பதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல கதை. ஈஸ்டர் விடியற்காலையில் கல்லறைக்குப் போகும்போது கதை கொஞ்சம் தடுமாறும்.

நாலு மணிக்கு மணியடிக்கும். புதுத் துணி கட்டாயமில்லை, மல்லிகை உண்டு. பீடத்தில் கறுப்பு போய் வெள்ளை வந்திருக்கும். ஆராதனைக்கு முன்போ பின்போ சபையார் கல்லறைத் தோட்டத்துக்குப் போவது பல ஊர் வழக்கம். சனிக்கிழமையே களை பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து வைத்திருப்பார்கள். இருட்டில் மெழுகுவர்த்தி எரிய, செத்துப்போன அப்பாவின் கல்லறையில் செவ்வந்தி தூவிவிட்டு, அங்கேயே நின்று உயிர்த்தெழுதல் பாட்டைப் பாடுவதைப் போல உருக்கமான காட்சி கிறிஸ்தவ வருடத்தில் வேறில்லை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்காரர்களுக்கு 2019-க்குப் பிறகு ஈஸ்டரின் பொருளே அந்தக் காட்சிதான். ஏப்ரல் 21 அன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்து 260-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். சீயோனில் மாண்டவர்களில் பலர் ஞாயிறு பள்ளி முடித்துவிட்டு முற்றத்தில் நின்ற பிள்ளைகள்.

தமிழ்நாட்டுச் சில கல்லறைத் தோட்டங்களில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இன்னொன்றும் தெரியும். நடுவில் ஒரு சுவர். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களின் பகுதியைப் பிரித்து நின்ற சுவர் பற்றிப் பத்திரிகைகள் எழுதின, இயக்கங்கள் போராடின. சுவர் இல்லாத ஊர்களில் பாதையோ வேலிக்கருவையோ அந்த வேலையைச் செய்கிறது.

இது நேற்று வந்ததல்ல. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872-ல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தை இரண்டு கால் சட்டைபோல் கட்டினார்கள். ஒரு பீடம், அதிலிருந்து பிரியும் இரண்டு கூடங்கள், இரண்டு சாதியாருக்குத் தனித்தனியாக. ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே பூசை காணலாம். கொத்தனாரின் திறமையை மெச்சத்தான் வேண்டும். அந்தப் பிரிப்புச் சுவர் 1910-ல்தான் இடிபட்டது. இடித்தபிறகும் வழக்கு, கலகம். சீர்திருத்தச் சபைகளும் இதில் மேலானவை அல்ல. சாதி வேறுபாட்டைச் சபைக்குள் விட்டொழிக்கும்படி கல்கத்தா பிஷப் டானியேல் வில்சன் 1833-ல் சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்று வற்புறுத்திய மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். லெந்துக்காலத்தில் இன்றும் உருகி உருகிப் பாடும் கீர்த்தனைகளில் எத்தனையோ அவருடையவை. பாட்டு நெஞ்சைக் கரைக்கிறது; பாடியவரின் நெஞ்சு அந்த ஒரு விஷயத்தில் கரையவில்லை.

இருபத்தோராம் நூற்றாண்டுக்கும் உதாரணம் உண்டு. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் ஜெபமாலை அன்னை ஆலயத்தை ஒட்டி வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும், தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் இறந்தார்கள். தேதி 2008 மார்ச் 9. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தவக்காலத்து ஞாயிறு. பெரிய வெள்ளிக்குப் பன்னிரண்டே நாள் இருந்தது. வெளியே சட்டமும் தலித் கிறிஸ்தவர்களுக்குத் துணையில்லை. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராகிவிட்டவர் பட்டியல் சாதியில் வர மாட்டார். கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயங்களில் ஒன்று. கல்லறையைக் காவல் காக்கிறவரிடம் கேட்டிருக்கலாம்.

இதைச் சொன்னால் சபைப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். "எங்க ஊர்ல அப்படியெல்லாம் இல்லை. எல்லாரும் ஒண்ணாத்தான் நற்கருணை எடுக்கோம். பழசைக் கிண்டாதீங்க" என்பார்கள். பாதி உண்மை. பெரும்பாலான கோயில்களில் இன்று பெஞ்சு பொது, பாத்திரம் பொது. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது உலகமே வியந்தது. பிரிந்திருந்த சபைகள் சேர்ந்ததில் பெருமைப்பட நிறையவே இருக்கிறது. ஆனால், நான்கு வகை வெள்ளைக்காரச் சபைகளைச் சேர்க்க முடிந்தவர்களால், ஒரே ஊரின் இரண்டு தெருக்களைச் சேர்க்க ஏன் இத்தனை காலம் பிடிக்கிறது? சம்பந்தம் செய்வது வீட்டு விஷயம் என்கிறார்கள், சரி. கல்லறை வீட்டு விஷயம் இல்லையே, அது கமிட்டித் தீர்மானம்தானே?

கமிட்டி என்றதும் தேர்தல் வந்துவிடும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும் சபைத் தேர்தலில் இரண்டு அணி, இரண்டு நோட்டீஸ், சில இடங்களில் இரண்டு பிரியாணி. வழக்கு உயர் நீதிமன்றம் போவதும், நிர்வாகத்தைப் பார்க்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் நியமிக்கப்படுவதும் தென்மாவட்டங்களில் புதிய செய்தி இல்லை. பள்ளிகள், கல்லூரிகள், வேலை நியமனங்கள் எல்லாம் இதில் இருப்பதால் சண்டை சீக்கிரம் ஓயாது. ஆனால் வியப்பு என்னவென்றால், எதிரெதிர் அணித் தலைவர்கள் பெரிய வெள்ளியன்று ஒரே அண்டாவில் மாறி மாறித் துடுப்பு போடுவார்கள். பேசிக்கொள்ள மாட்டார்கள்; துடுப்பு மட்டும் கை மாறும். கஞ்சிக்கு அந்த வலிமை இருக்கிறது என்றால், அதை ஒரு நாளோடு ஏன் நிறுத்த வேண்டும் என்பதுதான் கேள்வி.

செய்ய வேண்டியது அப்படியொன்றும் மலையைப் புரட்டும் வேலை அல்ல. கல்லறைப் பதிவேட்டில் இறந்த தேதி வரிசைப்படி இடம் ஒதுக்கலாம். நேற்று இறந்தவருக்குப் பக்கத்தில் இன்று இறந்தவர், அவர் எந்தத் தெருவாக இருந்தாலும். சென்னையில் கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைகளை எல்லாச் சபைகளுக்கும் பொதுவான வாரியமே நடத்துகிறது. கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள், ஒருவரும் எழுந்து புகார் சொன்னதில்லை. இறையியல் செய்யாததை இடநெருக்கடி செய்துவிட்டது. சிற்றூரில் இடம் தாராளமாக இருப்பதுதான் சிக்கலே. பாதம் கழுவும் பன்னிரண்டு நாற்காலிக்குச் சீட்டுக் குலுக்கிப் போடலாம்; குலுக்கிப் போட்டு மத்தியாவைத் தெரிந்துகொண்ட கதை அப்போஸ்தலர் நடபடிகளிலேயே இருக்கிறது. வீட்டுக் கூட்டத்துக்கான அட்டவணையைக் கோயில் பலகையில் லெந்துக்கு முன்பே ஒட்டிவிட்டால், எந்த வீடு விடுபட்டது என்பதை எல்லாரும் பார்ப்பார்கள். சுவர் இருக்கும் ஊர்களில் சுவரை இடிக்கலாம்.

இவற்றில் சில ஏற்கெனவே நடக்கின்றன. துடுப்பைப் பெண்கள் கையில் எடுத்த சபைகள் உண்டு. கடைசித் தெருவிலேயே அடுப்பு மூட்டிக் கஞ்சியைப் பவனியாகக் கோயிலுக்குக் கொண்டுவரலாம் என்று வாலிபர்கள் கேட்கும் சபைகளும் உண்டு. கேட்கிறவர்கள் பெரும்பாலும் வெளியூரில் படித்துவிட்டு விடுமுறைக்கு வந்த பிள்ளைகள். அவர்கள் திங்கட்கிழமை ரயிலேறிவிடுவார்கள் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். "பார்க்கலாம்பா, அடுத்த வருஷம் ஆகட்டும்" என்ற பதில் அந்த ரயில் நேரத்தைப் பார்த்தே சொல்லப்படுகிறது.

ஈஸ்டர் முடிந்த வாரம் கமிட்டி கூடும். அரிசி எத்தனை கிலோ, தேங்காய் எத்தனை, விறகுக்கு எவ்வளவு, வாடகை அண்டா ஒன்றில் நசுங்கல் விழுந்ததற்குப் பாத்திரக்கடைக்கு எவ்வளவு என்று பொருளாளர் கணக்கு வாசிப்பார். மீதிப் பணம் உண்டியலில் சேரும். தேநீர் வரும். மினிட் புத்தகத்தில் கடைசியாக 'இதர விஷயங்கள்' என்று ஒரு வரி எழுதி, அதற்குக் கீழே இரண்டு விரற்கடை இடம் விட்டிருப்பார் செயலாளர். அடுத்த ஈஸ்டர் 2027 மார்ச் 28. அந்த இடத்தில் எழுத இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.